அம்சாவின் ஓட்டு

திண்டிவனம்
21.4.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்சா எழுதுவது. போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள், அதனால்தான் கடிதம்.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல் ஓட்டுப் போடக் கோலியனூர் வந்தேன். ஒரு மணி நேரம் வெயிலில் நின்று உள்ளே போனால், என் பெயரை நீக்கியாயிற்று என்றார்கள். கட்சி ஏஜெண்டாக நீங்கள் நாலடி தூரத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். "இன்னாண்ணா இது?" என்று கேட்டேன். நீங்கள் குனிந்து பேனாவை மூடிக்கொண்டிருந்தீர்கள். வீட்டுக்குக்கூட வராமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

பெயரை நீக்கச் சொல்லி மனு கொடுத்தது யார்? அதை மட்டும் எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
அம்சா

கோலியனூர்
8.6.2024

அம்சாவுக்கு அண்ணன் பெரியதம்பியின் ஆசிகள்.

மனு கொடுத்தது நான்தான். கல்யாணமாகி இருபது வருஷமாகத் திண்டிவனத்தில் இருக்கிறாய். சட்டப்படி உன் ஓட்டு அங்கேதான். மாப்பிள்ளையோ எதிரணியில் வட்டச் செயலாளர். கூட்டணியில் இருந்தவர்கள் பிரிந்து தனியாக நின்ற நேரத்தில், எதிர்ப்பக்கம் விழும் ஓட்டை என் பூத்தில் எப்படி விட்டுவைப்பேன்?

எல்லாம் வீண். போன மக்களவைத் தேர்தலில் நம் பூத்தில் நமக்கு ஐந்நூற்றிரண்டு ஓட்டு, இப்போது முந்நூற்றுப் பதினொன்று. பிரிந்தவர்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பதினாலு ஓட்டில் பூத் கைவிட்டுப் போயிற்று. தில்லியில் இடம் கூடியவர்களும் குறைந்தவர்களும் டிவியில் சிரித்துப் பேசுகிறார்கள். எனக்குத்தான் தெருவில் தலைகாட்ட முடியவில்லை.

கோபத்தை விடு. ஆடியில் கூழ் ஊற்றும்போது வந்துவிடு.

அண்ணன்,
பெரியதம்பி

திண்டிவனம்
14.6.2024

அண்ணனுக்கு,

ஓட்டை இங்கே மாற்றச் சொல்லி உங்கள் மாப்பிள்ளை எத்தனை தடவை சண்டை போட்டார் தெரியுமா? "நான் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம் போய்க்கினு இருப்பியா? ஊரு சிரிக்குது!" என்று ஒருநாள் சோற்றுத் தட்டை வீசினார். "எங்கண்ணன் பூத்துலதான் என் ஓட்டு" என்றேன். இருபது வருஷமும் வந்து உங்கள் சின்னத்தில்தான் அழுத்தினேன். அதை ஒரு பெருமையாக உங்களிடம் சொல்லிக்காட்டவில்லை. தங்கையின் ஓட்டு எங்கே விழும் என்று அண்ணனுக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டேன்.

நான் போட்டிருந்தால் பதிமூன்றில் தோற்றிருப்பீர்கள், அவ்வளவுதான்.

மனுவின் நகலை வாங்கிப் பார்த்தேன். காரணம் கேட்ட இடத்தில் "நிரந்தரமாக இடம்பெயர்ந்துவிட்டார்" என்று உங்கள் கையால் எழுதியிருக்கிறீர்கள். அது அப்படியே இருக்கட்டும். கூழுக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம்.

அம்சா