கோழிகள் குடியிருந்த ஐந்தாம் எண்

அன்புள்ள லியோரா,

உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் நலம். நெவாடா வெயிலுக்கு நீ வாங்கித் தந்த தொப்பி போதுமானதாக இருக்கிறது.

நான் தேடி வந்த, வெள்ளிச் சுரங்க ரயில் பாதையில் ஓடிய ஐந்தாம் எண் என்ஜின் கிடைத்துவிட்டது! வெல்டா என்ற பண்ணைக்காரி அதைக் கோழிக்கூடாக்கியிருக்கிறாள். எண் பலகையில் மூன்று என்றிருந்ததால், ஐந்தை மட்டும் கேட்ட அருங்காட்சியகத்தார் வேண்டாமென்று விட்டார்கள். நான் போனபோது அதை வெட்டி எடுத்துப்போக வந்த பழைய இரும்புக்காரனின் லாரி வாசலில் நின்றது.

பாலைவனப் பட்டறைகளில் ஒரு என்ஜினின் பலகையை இன்னொன்றில் மாட்டிவிடுவது வழக்கம். அதனால் மாற்ற முடியாத அடிச்சட்டத்தில் துருவைச் சுரண்டிப் பார்த்தேன். ஐந்து என்று பொறித்திருந்தது.

"பலகை மூணுங்குது, நீங்க அஞ்சுங்கறீங்க. அடிச்சுச் சொல்வீங்களா, பெரியவரே?" என்றாள் வெல்டா.

"இருக்கலாம்..." என்று இழுத்தேன்.

"இருக்கலாம்னா அவன் வெட்டலாம்."

"அஞ்சேதான்!" என்று கத்திவிட்டேன். கோழிகள் சிதறி ஓடின. வெல்டா சிரித்துக்கொண்டே லாரியைத் திருப்பி அனுப்பினாள்.

இங்கே இரவில் குளிர்கிறது, கம்பளிக் காலுறை அனுப்பு. சுற்றுவதற்கு நம் ஊர்ச் செய்தித்தாள் போதும். நீ குறுக்கெழுத்து நிரப்பிய பக்கமாக இருந்தால் நல்லது.

வெல்டா தபால் நிலையம் போக அவசரப்படுத்துகிறாள். சற்றுமுன் என்ஜினுக்கு அடியில் ஊர்ந்து மறுபடி பார்த்தேன். ஐந்துதான்.

உன்,
ஆல்டன்