அணைக்கும் வயரில் பச்சை டேப்

ஏங்க, புது பிளக் மாட்டியும் படகு மோட்டாரில் பொறி வரவில்லை என்று மூடியைக் கழற்றினேன். மோட்டாரை அணைக்கும் சுவிட்சின் வயரைச் சீவி, இன்ஜின் போல்ட்டில் முறுக்கி, மேலே பச்சை டேப் சுற்றியிருந்தது. அந்த டேப் உருளை உங்கள் சட்டைப் பையில்! வயரைப் பிரித்ததும் ஒரே இழுப்பில் கிளம்பிவிட்டது.

"செத்த மோட்டாருடி, என் தோள்பட்டையே போச்சு" என்று என் எதிரிலேயே கயிறு இழுத்து நடித்தீர்களே! பாவி மனுஷா, தைலம் வேறு தேய்த்துவிட்டேன். மாப்பிள்ளையோடு உங்களுக்குச் சண்டை என்றால் நான் பெற்ற மகளைப் பார்க்கக் கூடாதா?

அக்கரைக்குப் போகிறேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறது.

பி.கு.: மாலையில் மாப்பிள்ளையும் என்னோடு வருவார். படகிலிருந்து கயிற்றை வீசப்போவது அவர்தான். கரையில் நின்று நீங்கள் பிடிக்காவிட்டால், நானும் இறங்காமல் அவரோடேயே திரும்பிவிடுவேன்.