புதுத்துணி கொடுத்தால் பயப்படுகிறவள்

அக்கா,

இன்று காலை கொரட்டூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு துணிக்கடையைக் கடந்தேன். கஞ்சி மொடமொடப்போடு புதுத்துணி வாசனை. நடையை எட்டிப் போட்டேன். இத்தனை வருடமாகியும் எனக்கு அது பண்டிகை வாசனையாக மாறவில்லை.

மூன்று வளர்ப்பு வீடுகளில் இருந்தவள் நான். ஒவ்வொரு வீட்டிலும், என்னைக் காப்பகத்துக்குத் திருப்பி அனுப்புவதற்கு முதல் நாள் புது கவுன் வாங்கித் தந்தார்கள். நன்றாக வைத்திருந்ததாகக் காட்ட வேண்டுமே. அதனால் யாராவது பிரியமாக எதையாவது நீட்டினால், எப்போது கிளம்பச் சொல்வார்கள் என்றுதான் காத்திருப்பேன்.

இது தெரியாமல் நீ பொங்கலுக்கு எனக்கொரு சுடிதார் வாங்கி வந்தாய். தொழிற்பேட்டைக் கம்பெனியில், பேக்கிங்கில், என் பக்கத்து மேசை நீ. மறுநாளே சூப்பர்வைசரிடம் கேட்டு வேறு மேசைக்குப் போய்விட்டேன்.

நீ விடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எதிரே வந்து உட்கார்ந்தாய். "இன்னாடி, துணி புடிக்கலையா, நான் புடிக்கலையா?"

உன்னைச் சோதிக்க நினைத்தேன். என் அம்மா ஜெயிலில் இருப்பதாக ஒரு பொய்யை உன்னிடம் மட்டும் சொன்னேன். அது கேன்டீனுக்கு வந்து சேரும் நாளுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். ஆறு மாதமாகியும் வரவில்லை. அதையும் சந்தேகப்பட்டேன், வேறெதற்கோ பத்திரப்படுத்துகிறாள் என்று. கடைசியில் நானே உண்மையைச் சொன்னேன்.

"தெரியும்டி. மூணு தபா கேட்டேன், மூணு ஊர் ஜெயிலச் சொன்ன," என்று சிரித்தாய். "இனிமே சந்தேகம் வந்தா எந்திரிச்சிப் போவாத. குந்திகினு கேளு."

சரி என்றேன். ஆனால் நீ திடீரென்று வேலைக்கு வராமல், போனையும் எடுக்காமல் இருந்தபோது நான் கேட்கவில்லை. கள்ளிக்குப்பத்தில் உன் வீடு என் அறையிலிருந்து நடக்கிற தூரம்தான். இவளும் அப்படித்தான் என்று முடிவு கட்டி, மூன்றாவது வாரம் உன் எண்ணை அழித்தேன்.

உன் வீட்டுக்காரர் கம்பெனி வாசலுக்கு வந்தார். "ஆஸ்பத்திரில கீறா. கேன்சர்மா. நீ பயந்துடுவேன்னு சொல்ல வாணான்ட்டா. இப்போ உன்னியேதான் கேட்டுகினு கீறா." அப்போதும் அவர் முகத்தில் பொய்யைத் தேடினேன்.

கட்டிலில் நீ பாதியாகியிருந்தாய். "சொல்லாமப் போனியே, அது மட்டும் சரியா?" என்று கத்திவிட்டேன்.

"தப்புதான்டி," என்றாய். "வந்து கேட்ட பாரு, போதும்."

கூட இருப்பது யார் என்று நர்ஸ் விசாரித்தபோது, "என் தங்கச்சி" என்றாய், தண்ணீர் கேட்பதுபோல் சாதாரணமாக. பதினோரு நாள் அப்படி இருந்தேன். பன்னிரண்டாம் நாள் காலையில் நீ இல்லை.

சந்தேகம் என்னைவிட்டுப் போகவில்லை அக்கா. அதைச் சுமந்துகொண்டு இப்போது ஆளிடமே போய்விடுகிறேன், அவ்வளவுதான். போன வாரம் என் தோழி ஒருத்தி இரண்டு நாளாகப் பேசவில்லை. நேராக அவள் வீட்டுக்குப் போய், "எம்மேல கோவமா?" என்றேன்.

"ஐயோ, போன் தண்ணில உழுந்துடுச்சிக்கா. அரிசில போட்டுக் காய வெச்சிகீறேன்."

நான் நம்பவில்லை. "காட்டு," என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே அரிசி டப்பாவைத் திறந்தாள்.