ராஜாத்தி போன இடம்

திருவொற்றியூர்

அன்பு மகன் நிலவனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகள் ஷாலுவும் அந்தக் குளிர் தேசத்தில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, சர்க்கரை மட்டுப்பட்டிருக்கிறது, மனசுதான் ஒரு நிலையில் இல்லை.

இந்த முதியோர் இல்லத்தில் என் பக்கத்துக் கட்டில் ராஜாத்தியை உனக்குத் தெரியும், நீ வீடியோவில் வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்து, இன்னா நைனா இளைச்சிக்கினே போற என்று கேட்பாளே, காசிமேட்டில் மீன் விற்றவள், அவள் போன வாரம் இறந்துவிட்டாள். கோடையில் அவள் மகள் வந்து புழல் பக்கம் வேறொரு பெரிய இல்லத்துக்கு அவளை மாற்றினாள். லிஃப்ட் இருக்கிறது, நர்ஸ் இருக்கிறார்கள், ஆளுக்கொரு அறை, மணலி ஆலைப் புகையை முகர வேண்டாம் என்றாள். சொன்னதில் பொய் இல்லை, ராஜாத்தியைத்தான் யாரும் கேட்கவில்லை. அவளுக்குக் காது மந்தம், நான் நேரே உட்கார்ந்து நிதானமாகப் பேசினால் வாயைப் பார்த்தே புரிந்துகொள்வாள், சாயங்காலமெல்லாம் எங்களுக்கு அதுதான் பொழுது. அங்கே போன பிறகு போன் போட்டால், இன்னாக்கா சொல்ற, ஒண்ணும் கேக்கலியே என்று அழுவாள், நானும் அழுவேன், அவ்வளவுதான் பேச்சு. இங்கே எங்களோடு இருக்கிற பக்ருதீன் பாயும் நானும் ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்தோம். அறை பளபளவென்று இருந்தது, அறைக்கே வந்த சாப்பாடு தொடாமல் கிடந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, இங்க ஒரு கொறையும் இல்லக்கா, பேச ஒரு ஆளு இல்ல, என்ன இட்டுகினு போயிடு என்றாள். ஆபீசில் கேட்டால் மகள்தான் வர வேண்டும் என்றார்கள், மகளைக் கேட்டால் பழகிடுவாங்க ஆன்ட்டி என்றாள். அவளை விட்டுவிட்டுத்தான் வந்தோம். சாவுக்குப் போனபோது அந்தப் பெண் என் தோளில் விழுந்து, நல்லா பாத்துக்கணும்னுதானே ஆன்ட்டி சேத்தேன் என்று கதறினாள், அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

நீயும் கோயம்புத்தூரில் தோட்டத்தோடு ஒரு இல்லம் பார்த்து எனக்காக இடம் பேசியிருப்பதாகச் சொன்னாய். பாசத்தில்தான் செய்கிறாய், எனக்குத் தெரியாதா. ஆனால் வேண்டாம் கண்ணு. இங்கே சில நாள் தண்ணீர் வராது, சாம்பாரில் உப்பு இருக்காது, ஆனாலும் காலையில் டீக்கு நான் போகவில்லை என்றால் பாய் கதவைத் தட்டி, இன்னா சொக்கம்மா, உயிரோட கீறியா என்று கேட்பார். அப்படிக் கேட்க ஆள் இருக்கிற இடத்திலேயே என்னை விட்டுவிடு.

ராஜாத்தி கட்டிலுக்கு ஒரு அம்மா வந்திருக்கிறார், சுவரைப் பார்த்தபடியே படுத்திருக்கிறார். நாளைக்கு அவரை டீ குடிக்கக் கூப்பிட வேண்டும்.

ஷாலுவை வேளைக்குச் சாப்பிடச் சொல். இரண்டு பேரும் மனம் ஒத்து, குறைவில்லாமல் வாழ வேண்டும். கோயம்புத்தூருக்கு இன்றைக்கே போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிடு, மறந்துவிடாதே.

உன் அம்மா,
சொக்கம்மாள்