நுனிக்காலில் ஓர் ஊர்

மார்ச் 4

அன்புத் தங்கைக்கு,

சைக்கிள் கடை அண்ணன் எழுதுவது. நலம்தானே? உன் வீட்டுக்காரனுக்கு எழுபது ஆகிறது, ஊர் சும்மா இருக்குமா? காட்டு விலங்குகளை முப்பது வருடம் தொலைக்காட்சியில் காட்டியவன் எங்கள் தெருவில் டவுசரோடு திரிந்தவன் என்று பீற்றிக்கொள்ளாத ஆள் இங்கே கிடையாது. சட்டைப்பையில் வௌவால் குட்டியோடு அவன் வகுப்புக்கு வந்ததற்கு நானும் சேர்ந்து உதை வாங்கியிருக்கிறேன். அடுத்த மாதம் பள்ளி மண்டபத்தில் அவனுக்குப் பாராட்டு விழா. நீதான் அழைத்து வர வேண்டும்.

உன் அண்ணன்

மார்ச் 15

அன்புள்ள அண்ணா,

மன்னியுங்கள், வர இயலாது. அவர் ஓய்வெடுக்கிறார் என்று பத்திரிகையில் வந்தது பொய். அவருக்கு அல்சைமர், மறதி நோய். நான்கு வருடமாகிறது. நரிக்குட்டி பால் குடிப்பதைப் படம் பிடிக்க ஒன்பது நாள் சேற்றில் குப்புறக் கிடந்த மனுஷர், இப்போது சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டுகிறார். போன மாதம் கடையில் ஒருவர் கையெழுத்து கேட்டார். இவர் பேனாவைப் பிடித்தபடி அழுதுவிட்டார். அதிலிருந்து நான் அவரை வெளியே கூட்டிப் போவதில்லை. ஊர் அவரை இப்படிப் பார்க்க வேண்டாம், அண்ணா.

தங்கை

மார்ச் 24

தங்கச்சி,

விஷயத்தை ஊரில் சொல்லிவிட்டேன், திட்டாதே. கூட்டம் போட்டு ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். யாரும் அவனிடம் 'என்னைத் தெரியுதா' என்று கேட்கக் கூடாது. கிட்டே போகிறவர் தானே பெயரைச் சொல்லிக்கொள்ள வேண்டும். கையெழுத்துப் பேச்சே கிடையாது. தபால்காரர் வீடு வீடாகச் சொல்லிவிட்டார். அவன் எங்களைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வந்து உட்கார்ந்தால் போதும்.

அண்ணன்

ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணா,

விழா முடிந்து நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். நீங்கள் வாசலில் நாற்காலிகளோடு அல்லாடிக்கொண்டிருந்தீர்கள், உள்ளே நடந்ததைப் பார்த்திருக்க மாட்டீர்கள். பஞ்சாயத்துத் தலைவர் மைக்கைத் தட்டியதும் இவர் எழுந்துவிட்டார். எங்கே ஓடப் போகிறாரோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. அவர் கூரையைப் பார்த்தார். ஒலிபெருக்கியை அங்கிருந்த ஆந்தைக் கூட்டுக்கு நேர் கீழே கட்டியிருந்தீர்கள். குஞ்சுகள் சீறியது எங்கள் யார் காதிலும் விழவில்லை. இவர் உதட்டில் விரலை வைத்து, "மேல குஞ்சு இருக்கு. சத்தம் போடாம வாங்க" என்றார். தொலைக்காட்சியில் கேட்ட அதே குரல். நானூறு பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நுனிக்காலில் வெளியே நடந்தார்கள், ஆறு பக்கப் பேச்சோடு வந்த தலைவர் உட்பட. இந்த மனுஷரையா வீட்டுக்குள் பூட்டி வைத்தேன் என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

திரும்பும் வழியில் காரில், "அவங்கல்லாம் யாரு?" என்று கேட்டார். "உங்க ஊர்க்காரங்க" என்றேன்.

"அப்புறம் ஏன் கிளம்பிட்டோம்?" என்றார்.

அங்கே வாடகைக்கு ஒரு வீடு பாருங்கள், அண்ணா. மாடிப்படி வேண்டாம்.

தங்கை