பல் செட் இல்லாமல் ஊருக்குப் போனவர்

அக்கா,

காலையில் ரயில் டிக்கெட் உறுதியானதாகப் போனில் செய்தி வந்தது. மே விடுமுறைக்கு ஊர்ப் பயணம். என் மகன் எட்டிப் பார்த்து, "ஊர்ல பெரியம்மாவைப் பாக்கலாமாப்பா?" என்றான்.

பெரியம்மா என்றால் நீங்கள்தான். போன மாதம் நீங்கள் இறந்த அன்று என் மாமியார் அவனுக்குச் சொல்லிவைத்த விளக்கம் அது: பெரியம்மா ஊருக்குப் போயிருக்கிறார். ஐந்து வயதுக்காரன், உங்கள் வீட்டுத் தோசையில் வளர்ந்தவன். திருமுல்கேரியில் எங்கள் வீட்டுக்கு மேலே உங்கள் வீடு பூட்டிக் கிடப்பதற்கு அவனிடம் இருக்கும் ஒரே காரணம் இதுதான்.

ஐதராபாத் தமிழர்களுக்கு இது பெரிய வசதி. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இறந்தவர்களைச் சாமியிடம் அனுப்ப வேண்டியிருக்கிறது. சாமியைப் பற்றித் துணைக்கேள்விகள் வரும். நாம் ஊருக்கு அனுப்பிவிடுகிறோம். ரயில் இருப்பதால் எந்தக் குழந்தையும் சந்தேகப்படுவதில்லை. இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு குறை, வருடா வருடம் நாமும் ஊருக்குப் போகிறோம்.

அந்தக் குறையை நான் முதலில் பார்த்தது உங்கள் வீட்டில். அப்போது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆகவே குழந்தை வளர்ப்பு பற்றி எல்லாம் தெரிந்திருந்தது. லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற உங்கள் அப்பா இறந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. தாத்தா ஊருக்கு, ஜோலார்பேட்டைக்குப் போயிருக்கிறார் என்று உங்கள் அத்தை உங்கள் மகளிடம் சொல்லியிருந்தார். மறுத்துச் சொல்ல உங்களுக்குத் தெம்பில்லை. விடுமுறை வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காபிக்கு நான் வந்தபோது, அவள் தாத்தாவின் பல் செட்டை ஒரு டப்பாவில் போட்டுத் தன் கவுன்களுக்கு நடுவே பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"மறந்துட்டுப் போயிட்டாரும்மா. பாவம், அங்க எப்படிச் சாப்பிடுவாரு?"

"அங்க புதுசு வாங்கியிருப்பாருடி," என்றார் அத்தை. பொய்க்கு மட்டும் உதிரிபாகம் எப்போதும் கையிருப்பில் இருக்கிறது.

"நக்கோ அத்தை, போதும்," என்றீர்கள். லாலாகுடாவில் பிறந்த உங்களுக்கு 'வேண்டாம்' என்ற சொல் கோபத்தில் வராது, ஐதராபாத் உருதுதான் வரும். பெட்டியைத் தள்ளிவிட்டு மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தீர்கள்.

"தாத்தா ஊருக்குப் போகலடி. செத்துட்டாரு. இனிமே வர மாட்டாரு."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் காபியை ஆராய்ந்தேன்.

"வலிச்சுச்சா?"

"கொஞ்சம் வலிச்சிருக்கும். நான் பக்கத்துலதான் இருந்தேன்."

"நீயும் செத்துப்போவியா?"

நானாக இருந்தால் நூறு வயதுக்கு உத்தரவாதம் எழுதிக் கையெழுத்தே போட்டிருப்பேன்.

"ஆமா. எப்பன்னு தெரியாது. ரொம்ப நாள் உங்கூட இருக்கணும்னுதான் ஆசை."

"அப்ப ஏன் ஜோலார்பேட்டைன்னு சொன்னீங்க?"

"பாட்டிக்குப் பயம். எனக்கும்தான்."

இருவரும் அழுதீர்கள். அழுது முடித்ததும் அவள் மாம்பழம் கேட்டாள். நறுக்கிக் கொடுத்தீர்கள்.

"பச்சப் புள்ளைகிட்ட இப்படியா போட்டு உடைப்பே?" என்று அத்தை பொரிந்து தள்ளினார். "அவ கேட்டதுக்குத்தான் சொன்னேன் அத்தை. கேக்காதது எங்கிட்டயே இருக்கு," என்றீர்கள்.

உங்களை நான் வியக்கத் தொடங்கியது அங்கேதான். ஆஸ்பத்திரியில் உங்கள் அப்பா பட்ட பாடு எனக்குத் தெரியும். அதில் ஒரு சொல்கூட அவளிடம் போகவில்லை. உண்மையே பேசுவதாகச் சொல்லிக்கொள்கிற பலரை அறிவேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு இலேசாக வீடு திரும்புவார்கள். நீங்கள் குழந்தையால் தூக்க முடிந்ததை மட்டும் கொடுத்துவிட்டு, மீதியை நீங்களே சுமந்தீர்கள்.

இன்று என் அலமாரியில் குழந்தை வளர்ப்புப் புத்தகங்கள் ஒரு வரிசை நிற்கின்றன. எல்லாமே உண்மையைச் சொல்லச் சொல்கின்றன. எந்த வார்த்தையில் தொடங்குவது என்பதை மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. அதனால் உங்களைப் பார்த்துத்தான் எழுதினேன், பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுவது போல. அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"பெரியம்மா ஊருக்குப் போகலடா. செத்துட்டாங்க."

"மேல் வீட்டுக்கு வர மாட்டாங்களா?"

"வர மாட்டாங்க."

"அப்ப அக்காவுக்குத் தோசை?" அவனுக்கு அக்கா என்றால் உங்கள் மகள்.

"அக்கா காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கால்ல? லீவுக்கு நம்ம வீட்டுக்கு வருவா. நாம சுட்டுக் கொடுப்போம்."

அவன் என் முகத்தையே பார்த்தான். பிறகு, "ஏடுஸ்துன்னாவா?" என்றான். அழுகிறாயா என்று பள்ளியில் ஒருவரையொருவர் தெலுங்கில் கேட்டுக்கொள்வார்கள் போலிருக்கிறது.

கண்ணில் தூசி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன், அக்கா. உங்கள் மரணத்தைச் சொன்ன வாய்க்கு, அழுகிறேன் என்று சொல்வது கஷ்டமாக இருந்தது.

"ஆமாண்டா. பெரியம்மா ஞாபகம்."

எழுந்து போய்த் தன் பள்ளிக்கூடத் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து, மூடியைத் திறந்து நீட்டினான். வாங்கிக் குடித்தேன். அவனுக்கு இன்னும் ஏதோ கேட்க வேண்டியிருந்தது. தரையை விட்டு நான் எழுந்திருக்கவில்லை.