முத்தியால்பேட்டையில் ஒரு வாரப் பாரீஸ்

1978 ஆகஸ்ட் 20, ஞாயிறு

புழுக்கம். வானம் மூடிக் கிடக்கிறது, பெய்கிற வழியைக் காணோம்.

வாய்யா, நல்லா இருக்கியா? வீட்டில் எல்லாரும் சுகமா? சாப்பிட்டாச்சா? கேட்பது இந்த நோட்டைத்தான். கதை சொல்லிப் பழகிய வாய்க்கு எதிரில் ஓர் ஆள் வேண்டும். நீதான் ஆள். ‘உம்’ கொட்டாவிட்டாலும் பரவாயில்லை. பள்ளிக்கூடம் போகாதவன் எழுத்து, மில் வாசல் போஸ்டரைப் பார்த்துப் பழகியது. கொம்பு, கால் விட்டுப்போனால் நீயே சேர்த்துக்கொள்.

விஷயம் இதுதான். என் மகள் கஸ்தூரிக்குப் பாரீஸில் மேல்படிப்பு படிக்க பூர்ஸ் கிடைத்திருக்கிறது. பிரெஞ்சு சர்க்கார் மாதா மாதம் தருகிற உதவிப் பணம். செடிகொடிப் படிப்பு. தறி ஓட்டுகிறவன் மகள். நெல்லித்தோப்பில் எங்கள் தெருவிலிருந்து இதுவரை யாரும் போனதில்லை. நேற்று டீக்கடையில் இதையே மூன்று தடவை சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. இன்று போனால் கடைக்காரர், ‘நேத்தே பாரீஸ் வந்துடுச்சே, இன்னிக்கு டீ மட்டும் குடிய்யா’ என்றார்.

பாரீஸ் என்றதும் என் பெரியப்பா ஞாபகம். அந்தக் காலத்தில் கப்பலேறி, பிரெஞ்சுக்காரன் ஆண்ட சைகோனுக்குப் போனவர். சோறு என்று கேட்கத் தெரியாமல் மாதக்கணக்கில் வாழைப்பழமே தின்றாராம். திரும்பி வந்த பிறகு வாழை மரத்தைக் கண்டாலே எதிர்ப்பக்கமாக நடப்பார். அவர் கதை தனி. பிறகு சொல்கிறேன்.

அஞ்சலை, என் பெண்சாதி, இன்னும் ‘சரி’ சொல்லவில்லை. (இனி அவள் அ., மகள் க. முழுப் பெயர் எழுதக் கை வலிக்கிறது.) க.வுக்குப் பாடம் சொன்ன டீச்சரம்மா, மதாம் என்று கூப்பிடுவோம், செலவுக் கணக்கை விளக்கினார். வருகிற பணத்தில் பாதி தங்கும் அறைக்குப் போய்விடும். பூமிக்கு அடியில் ஓடும் ரயிலுக்குக் கொஞ்சம். மிச்சம்தான் வயிற்றுக்கும் சோப்புக்கும். அ. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

‘இவ கையில துட்டு நிக்காது. காலேஜுல பக்கத்துல ஒக்காந்தவளுக்கு சோத்து டப்பாவையே குடுத்துட்டு வர்றவ. ஒரு வாரம் தனியா இருந்து காட்டட்டும். அப்புறம் பாக்கலாம்.’

அதனால் நாளை முதல் முத்தியால்பேட்டையில் ஒரு வாரப் பாரீஸ். என்னோடு பக்கத்துத் தறியில் நிற்கிற அந்தோணியின் வீட்டு மாடி அறை காலி. சட்டங்கள் அ. போட்டவை:

வீட்டுச் சோறு போகாது.
அப்பா போகக் கூடாது. (இதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.)
ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு ஒரு கடுதாசி போடுகிற காசு மிஞ்சியிருக்க வேண்டும். வெளிநாட்டுக் கவருக்கான காசு.

கடைசிச் சட்டம் எதற்கு என்று கேட்டேன்.

‘கடுதாசிக்குக் காசு வைக்காதவ அங்க பட்டினி கிடந்தா நமக்கு யாரு சொல்லுவா?’

அதையும் எழுதிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 21, திங்கள்

காலையில் தூறல். பாய், ஸ்டவ், ஒரு சட்டி, ஒரு குண்டான், இரண்டு டம்ளர். சைக்கிளில் கட்டிக் கொண்டுபோய் இறக்கினேன். இறக்குவது வரைதான் எனக்கு அனுமதி.

புறப்படும்போது அ. நாற்பது ரூபாயை மகள் கையில் வைத்தாள். வைத்த கையாலேயே இருபதைத் திரும்ப எடுத்து அஞ்சறைப் பெட்டியில் போட்டாள்.

‘இன்னாம்மா இது?’

‘வாடகை.’

இன்னும் நாலு ரூபாயை எடுத்தாள். ‘இது ரயிலு.’

‘முத்தியால்பேட்டையில ஏதும்மா ரயிலு?’

‘பாரீஸ்ல ஓடுதில்ல?’

க. சிரித்துக்கொண்டே மிச்சத்தை முந்தானையில் முடிந்தாள். நானாக இருந்தால் அங்கேயே அழுதிருப்பேன். அவள் அவளுடைய அம்மா மாதிரி.

மில்லில் இன்று நூல் அறுந்துகொண்டே இருந்தது. மனசு தறியில் இல்லை.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

வெயில். சைக்கிள் பின்சக்கரம் பஞ்சர், ஒட்டியாச்சு.

மில்லில் அந்தோணி சொன்ன சேதி: க. நேற்று காலையில் தனியாக நடந்து கடைத்தெரு போனாள். அரிசி, பருப்பு, ஸ்டவ்வுக்குக் கிருஷ்ணாயில். விலை கேட்டுக் கேட்டு மூன்று கடை ஏறி இறங்கினாளாம். அவர் சம்சாரம் மார்த்தா கூடப் போகிறேன் என்றதற்கு, ‘அங்க நீங்க வர மாட்டீங்களே அக்கா’ என்றாளாம்.

இதை அ.விடம் சொன்னேன். ராத்திரி எனக்கு ஒரு வடை கூடுதலாக வைத்தாள்.

ஆகஸ்ட் 23, புதன்

அந்தோணி காலையிலேயே சிரிப்போடு வந்தார்.

‘ஏழுமலை, நேத்து சாயங்காலம் உன் பொண்ணு ரூம்ல திருவிழாய்யா. உங்க அக்கா வந்துச்சு, மருமவ வந்துச்சு, பேரப்புள்ளைங்க வந்துச்சு. பாரீஸ் எங்க இருக்குன்னு என்னையக் கேட்டுதுங்க. மாடியில இருக்கு ஏறுங்கன்னேன்.’

என் அக்கா குப்பு. பக்கத்துத் தெருதான். அவளுக்கு யார் சொன்னது? டீக்கடை. டீக்கடைக்கு யார் சொன்னது? அதை எழுத வேண்டாம்.

வந்தவர்களுக்கு க. பால் வாங்கிக் காப்பி போட்டாள். பிள்ளைகளுக்கு முறுக்கு. அவர்கள் இறங்க, என் பங்காளி வீட்டார் ஆவணிக் கல்யாணப் பத்திரிகையோடு ஏறினார்கள். ‘இங்க ஒரு வூடு இருக்குதாமே’ என்று. சாப்பாட்டு நேரம். உலை வைக்காமல் அனுப்ப முடியுமா?

மதாம் சொன்ன கணக்கில் அறை இருந்தது, ரயில் இருந்தது, சோப்பு இருந்தது. வருகிற ஜனம் இல்லை. எங்களுக்கும் தோன்றவில்லை. நம் வீட்டுக் கணக்கு எதிலும் அது தனியாக நிற்காது. பானையில் எப்போதும் ஒரு பிடி கூடுதலாக விழும், அவ்வளவுதான். ஒற்றை ஆள் பானையில் அந்த ஒரு பிடி எங்கிருந்து விழும்?

ஆகஸ்ட் 24, வியாழன்

சாயங்காலம் ஒரு பாட்டம் மழை. வீட்டுக்குள் அதைவிடப் பெரிய இடி.

அக்கா குப்பு இன்றும் போயிருக்கிறாள். கூட அடுத்த வீட்டுக்காரம்மா வேறு. க. உட்காரச் சொல்லி, தண்ணி கொடுத்து, சிரித்த முகமாகவே சொன்னாளாம்: ‘அத்தே, இது பாரீஸு. இங்க வர்றவங்க கையில ஏதாவது எடுத்தாரணும். அடுத்த தடவை ரெண்டு கத்திரிக்காயாவது எடுத்தாங்க, சேந்து சமைக்கலாம்.’

அக்கா அங்கிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூட கழற்றவில்லை.

‘தம்பி, உன் பொண்ணு என்னிய கத்திரிக்கா கேக்குறா. நான் தூக்கி வளத்தவ, என்னிய. ஒரு வாய்க் காப்பிக்கு வெல கேக்குறா. ஏரோப்பிளான் ஏறுறதுக்கு முன்னாடியே இப்பிடின்னா, ஏறுனப்புறம் நம்மளயெல்லாம் ஆருன்னு கேப்பா.’

அக்கா போன பிறகு அ. விளக்கு வைத்தாள், சோறு வடித்தாள், என் தட்டில் போட்டாள். அப்புறம் சொன்னாள்.

‘துட்டு போனா போவுது. வந்தவங்ககிட்ட கேட்டுட்டாளே. உங்க அக்கா மொகம் முறிஞ்சு போயிடுச்சே. இவளை அனுப்ப வேணாங்க.’

என் மகள் செய்தது தப்பு என்றும் சொல்ல முடியவில்லை, சரி என்றும் சொல்ல முடியவில்லை. டீக்கடையில் எத்தனை பஞ்சாயத்து வழக்குக் கதை சொல்லியிருக்கிறேன். என் வீட்டு வழக்குக்குத் தீர்ப்பு வரவில்லை.

ஆகஸ்ட் 25, வெள்ளி

சட்டத்தை மீறினேன். நோட்டே, நீ யாரிடமும் சொல்லாதே.

ஷிப்டு முடிந்து சைக்கிள் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. க. படியில் உட்கார்ந்து ரொட்டியும் வாழைப்பழமும் தின்றுகொண்டிருந்தாள். கிருஷ்ணாயில் தீர்ந்துவிட்டது, அடுப்பு எரியவில்லை. பெரியப்பாவின் வாழைப்பழக் கதையைச் சொன்னேன். சிரித்தாள். சிரிக்கும்போது கன்னம் ஒட்டியிருந்தது தெரிந்தது. எனக்கு மட்டும் தெரிந்ததோ என்னவோ.

சட்டைப்பையில் கை விட்டேன்.

‘வேணாம்ப்பா.’

‘ரெண்டு ரூபாதான்டி. கிருஷ்ணாயில் வாங்கிக்க.’

‘பாரீஸுக்கு சைக்கிள்ல வருவியாப்பா?’

கையை வெளியே எடுத்தேன்.

அம்மா வேண்டாம் என்கிறாள் என்பதைச் சொன்னேன். ரொட்டியைப் பிட்டு உருட்டிக்கொண்டே சொன்னாள். ‘அத்தே வந்ததுல எனக்கு சந்தோஷந்தாம்பா. ரெண்டாந்தடவ வந்தப்ப வூட்டுல பாலும் இல்ல, காப்பித்தூளும் இல்ல. இல்லன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் பாரீஸுன்னேன்.’

தண்ணி குடிக்க உள்ளே போனேன். அரிசி டப்பாவுக்குக் கீழே நீலமும் சிவப்புமாக ஓரம் போட்ட ஏர்மெயில் கவர் ஒன்று, கசங்காமல்.

‘இது எப்ப வாங்கினது?’

‘திங்கக்கிழமை. அரிசிக்கு முன்னாடி.’

அதுதான் என் மகள். வழியெல்லாம் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே வந்தேன், குறுக்கே யாரும் இல்லாவிட்டாலும். அ.விடம் சொல்ல வாய் துடித்தது. சொன்னால் நான் போனது தெரிந்துவிடும். விழுங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 26, சனி

மதியம் அரை ஷிப்டு.

அ. தலை வாரி, நல்ல சேலை கட்டி, ‘மதாம் வூட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க’ என்றாள். எதற்கு என்று சொல்லவில்லை. கடற்கரைப் பக்கத்துத் தெரு, மஞ்சள் சுவர் வீடு. மதாம் நம் ஊர்த் தமிழ்க்காரர்தான், படித்தது பாரீஸில்.

அ. நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டாள்: ‘அங்க வூட்டுக்கு யாரும் வரமாட்டாங்களாம்மா? வந்தா ஒண்ணும் குடுக்க மாட்டாங்களா?’

‘வருவாங்க அஞ்சலை. சொல்லிட்டு வருவாங்க. வரும்போது கையில பூவோ பழமோ ஏதாவது இருக்கும். வெறுங்கையோட யாரும் வரமாட்டாங்க. இங்கயும் அப்படித்தானே?’

அ. தலையாட்டினாள். திரும்பி வரும்போது கடலோரமாகவே நடந்தோம். சுண்டல் வாங்கினேன், தின்னவில்லை. நெல்லித்தோப்பு கிட்டே வந்த பிறகு நின்றாள்.

‘ஏங்க, நாம தனிக்குடித்தனம் வந்தப்ப உங்க அக்கா இன்னா எடுத்தாந்தாங்க?’

‘உப்பு, பருப்பு, மஞ்சத்தூளு. ஒரு பித்தளைச் சொம்பு.’

‘முத்தியால்பேட்டைக்கு?’

நான் யோசித்தேன். ஒன்றுமில்லை. பங்காளி வீட்டாரும் பத்திரிகையோடு சரி.

‘புதுசா அடுப்பு மூட்டுன வூடு. யாரும் வெறுங்கையோட போவாத வூடு. இவளுக்கு மட்டும் ஏன் போனாங்க? கழுத்துல தாலி இல்ல. அதனால அது வூடுன்னு யாருக்கும் தோணல.’ கொஞ்சம் நடந்துவிட்டுச் சொன்னாள்: ‘எனக்கும் தோணல. ஒரு பிடி உப்புகூட குடுக்காமதான அனுப்பிச்சேன்.’

ஆகஸ்ட் 27, ஞாயிறு

வெயிலும் காற்றுமாக நல்ல நாள்.

அ. காலையில் அக்கா வீட்டுக்குப் போனாள். உள்ளே என்ன பேசினார்களோ, வெளியே வரும்போது அக்கா கையில் முறம். முறத்தில் கத்திரிக்காய். முகம் மட்டும் வேறு பக்கம்.

மாடி ஏறினோம். அ. வாசலிலேயே நின்று, ‘வரலாமா?’ என்று கேட்டாள். பெற்ற மகள் வாசலில். க. திகைத்து, ‘வாம்மா’ என்றாள்.

அ. முதலில் உப்பை வைத்தாள். அப்புறம் பருப்பு, மஞ்சள்தூள். எங்கள் பழைய பித்தளைச் சொம்பில் தண்ணி. அக்கா முறத்தை இறக்கிவிட்டு, ‘நீ கேட்டது. எண்ணிக்க’ என்றாள்.

‘அத்தே.’

‘இன்னா அத்தே. பூச்சிக் கத்திரிக்கா இருந்தா அது கடைக்காரன் குத்தம்.’

மார்த்தா கீழேயிருந்து கிருஷ்ணாயில் கொண்டுவந்தார். பெண்கள் நால்வரும் உட்கார்ந்து அரிந்தார்கள். கத்திரிக்காய்க் குழம்பு. என் ஆயுசில் தின்ற நல்ல குழம்புகளில் இது ஒன்று.

கை கழுவின பிறகு அ. கேட்டாள். ‘மிச்சம் இன்னா இருக்குது?’

முந்தானை முடிச்சில் ஒன்றுமில்லை. க. டப்பாவைத் தூக்கிக் கவரை எடுத்து நீட்டினாள். அரிசிக்கு முன்னால் வாங்கினதைச் சொன்னாள். நான் அப்போதுதான் பார்ப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன்.

அ.வுக்குப் படிக்கத் தெரியாது. கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ‘இது அங்க செல்லாதே.’

‘அங்க போய் எறங்குன ஒடனே அந்த ஊருதை வாங்குவேம்மா. சோத்துக்கு முன்னாடி.’

‘சரி. இதை நம்ம வூட்டுக்கு எழுதிப் போடு. வந்து சேருதான்னு பாப்போம்.’

ஆகஸ்ட் 29, செவ்வாய்

நேற்று எழுதவில்லை. இரண்டு ஷிப்டு. இன்று காலை இளம் வெயில்.

வந்து சேர்ந்துவிட்டது. தபால்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தி, தெருவுக்கே கேட்கிற மாதிரி, ‘அஞ்சலையம்மா, முத்தியால்பேட்டையிலேர்ந்து நெல்லித்தோப்புக்கு ஏரோப்பிளான்ல கடுதாசி. வழியில எங்க எறங்கி ஏறுச்சோ’ என்றார். தெருவில் யார் யார் கேட்டார்கள் என்று நானும் எட்டிப் பார்த்தேன். நிறையப் பேர்.

க. உள்ளே தூங்குகிறாள். நேற்றே வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளை எழுப்பாமல் மெதுவாக வாசித்தேன். ‘அன்புள்ள அம்மா, நான் இங்கே நலம். சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. தினமும் இரண்டு வேளை சூடாகச் சமைக்கிறேன்.’

அ. பக்கென்று சிரித்தாள். ‘வெள்ளிக்கிழமை அடுப்பே எரியல. ரொட்டியத் தின்னுட்டு எழுதுறதைப் பாரு. பெத்தவளுக்கு எழுத வேண்டிய பொய்யெல்லாம் கத்துக்கிட்டா. போவட்டும், பொழைச்சுக்குவா.’

நான் மடிப்பதை நிறுத்தினேன். ‘வெள்ளிக்கிழமை அடுப்பு எரியலன்னு உனக்கு யாரு சொன்னது?’

‘அந்தோணி வூட்டுக்கு எதிர்ல கோயில் வாசல் இருக்குதில்ல. தினம் அங்க நின்னேன், படி தெரிஞ்சிச்சு. நீங்க சைக்கிள் மணியடிச்சிக்கிட்டுப் போனதும் தெரிஞ்சிச்சு.’

தினமும் போயிருக்கிறாள். தினமும் நின்றிருக்கிறாள், ஒரு நாளும் தெருவைத் தாண்டாமல். என்னால் முடியாததை…

இரு, பரண்மேல் இருக்கிற டிரங்குப் பெட்டியை க.வுக்காக இறக்கச் சொல்லிக் கூப்பிடுகிறாள். பெரியப்பா சைகோன் கொண்டுபோன பெட்டிதான் அது, அதற்கு ஒரு கதை இருக்கிறது, பூட்டுக்குச் சாவி கிடையாது, ஆனால் வலது மூலையில் ஒரு தட்டு தட்டினால் திறந்துகொள்ளும், அதையும் பிறகு சொல்கிறேன்.